காங்கோ வனத்தில் ஸவாஹிலிகள்: நியாங்வே முதல் கிஸங்கானி வரை

இப்னு பதூதா கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரைக்குச் சென்றது 1331-ஆம் ஆண்டில். மக்தஷவு, மொம்பாஸா, கில்வா ஆகிய துறைமுகங்களை அவர் கண்டார். கில்வா நகரத்தின் அழகையும் அதன் சுல்தானின் கொடைத்தன்மையையும் வியந்து எழுதினார். அந்த சுல்தான் ஸன்ஜு மக்களின் நாட்டின் மீது அடிக்கடி படையெடுத்துச் சென்றதையும், கிடைத்த பொருளில் ஐந்தில் ஒரு பங்கை மார்க்கம் விதித்த வழியில் செலவிட்டதையும் சேர்த்தே எழுதினார். ஆனால் அந்தப் படையெடுப்புகள் சென்ற திசையில், உள்நாட்டில் என்ன இருந்தது என்று அவர் விசாரிக்கவில்லை. அவருக்கு முன் சென்ற மஸ்ஊதியும் விசாரிக்கவில்லை. அரபுப் பயண இலக்கியமான ‘ரிஹ்லா’ கடற்கரையோடு நின்றுவிட்டது. சாம்பிராணி, தந்தம், அம்பர் ஆகியவை எங்கிருந்தோ வந்தன. அந்த ‘எங்கிருந்தோ’ என்பதே போதுமானதாக இருந்தது.

அதன் பிறகு ஐந்து நூற்றாண்டுகள் கழித்து, அரபெழுத்தை ஏந்தியவர்கள் அந்தப் பெருங்காட்டிற்குள் நுழைந்தார்கள். அவர்கள் ஆலிம்கள் அல்லர்; பயண நூலாசிரியர்களும் அல்லர். துணி, பாசிமணி, துப்பாக்கி ஆகியவற்றைச் சுமந்து சென்று யானைத் தந்தத்தோடு திரும்பிய வணிகர்கள். காங்கோ நதியின் மேற்பகுதியான லுவாலபாவின் கரையில் அவர்கள் எழுப்பிய ஊர்கள் முப்பது ஆண்டு செழித்தன. மூன்றே ஆண்டுகளில் அழிந்தன. நம் வரலாற்று நூல்களில் இந்த ஊர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஐரோப்பியர் எழுதிய நூல்களிலோ ஏராளமாக உண்டு. ஆனால் அங்கே ‘அரபி’ என்னும் சொல்லுக்கு ஒரே பொருள்தான், அடிமை வேட்டைக்காரன். இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே நின்று அந்த வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்ப்பது பயனுள்ளது என்று கருதுகிறேன்.

முதலில் நிலத்தைப் பற்றிச் சில சொற்கள். காங்கோ நதியின் நீளம் ஏறத்தாழ 4,700 கிலோமீட்டர். அமேசான் காட்டிற்கு அடுத்து உலகின் இரண்டாவது பெரிய மழைக்காடு இதன் படுகையில்தான் உள்ளது. நதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி லுவாலபா என்னும் பெயரில் பாய்ந்து, நிலநடுக்கோட்டை நெருங்கும் இடத்தில் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திற்கு ஏழு அருவிகளாக விழுகிறது. இவை இன்று போயோமா அருவிகள் எனப்படுகின்றன. ஸ்டான்லி அருவிகள் என்பது பழைய பெயர். அதற்குக் கீழே நதி மேற்காகத் திரும்பி அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கிச் செல்கிறது. லுவாலபாவின் இருபுறமும் உள்ள காடும் புல்வெளியும் கலந்த நாடு மனியேமா. ஓடங்கள் அனைத்தும் வாகேன்யா என்னும் மீனவக் குலத்தாரின் கையில் இருந்தன. அவர்கள் ஓடம் தராமல் எவரும் நதியைக் கடக்க இயலாது. பின்னால் வரும் செய்திகளுக்கு இது மிக முக்கியம்.

ஓமானிய சுல்தான் ஸையித் ஸஈத் தம் ஆட்சியின் மையத்தை மஸ்கட்டிலிருந்து ஸன்ஜிபாருக்கு மாற்றிய பிறகு, அத்தீவு இந்துமாக்கடலின் மேற்குக் கரையில் மிகப் பெரிய சந்தையாக வளர்ந்தது. கிராம்புத் தோட்டங்கள் ஒருபுறம், தந்தம் மறுபுறம். ஐரோப்பாவும் அமெரிக்காவும் பியானோ கட்டைகளுக்கும் பில்லியர்ட் பந்துகளுக்கும் கத்திப் பிடிகளுக்கும் தந்தம் கேட்டன. நம் நாட்டில் குஜராத்திலும் ராஜபுதனத்திலும் மணப்பெண்ணின் வளையலுக்குத் தந்தம் வேண்டும். அந்த வளையலின் மூலப்பொருள் எந்தக் காட்டிலிருந்து, எவருடைய தோளின் மீது வந்தது என்று அணிந்தவர் அறிந்திருக்க நியாயமில்லை. பயணத்திற்கு வேண்டிய முதலைக் கடனாகக் கொடுத்தவர்களும் இந்தியரே. அவர்களுள் தலையாயவர் கச்சு நாட்டிலிருந்து வந்த கோஜா இஸ்மாயிலியான தரியா தோப்பன். சரக்கை முன்கூட்டியே கடனாகக் கொடுப்பார். தந்தம் வந்த பின் கணக்குத் தீர்க்கப்படும். ஓமானிய அரபியின் பெயரால் நடந்த அந்த வணிகத்தின் அடித்தளத்தில் இந்தியப் பணம் இருந்தது என்பதை இந்தியரான நாம் மறைத்துப் பேச முடியாது.

பாதை பாகமோயோ துறைமுகத்தில் தொடங்கும். அங்கிருந்து தபோராவிற்கு ஏறத்தாழ மூன்று மாத நடை. பின்னர் தங்கன்யீக்கா ஏரிக்கரையில் உஜிஜி. கடற்கரையிலிருந்து உஜிஜி வரை மட்டுமே சுமார் 1,200 கிலோமீட்டர். ஏரியைப் படகில் கடந்து மேற்கே ஏறினால் மனியேமாவின் காடு தொடங்குகிறது. சுமை சுமந்தவர்களுள் பெரும்பாலோர் ந்யம்வேஸி இனத்தைச் சேர்ந்த கூலிகள். ஊதியம் பேசி வந்தவர்கள். தந்தம் முழுவதையும் சங்கிலியிட்ட அடிமைகளே சுமந்தார்கள் என்பது ஐரோப்பியப் பிரசுரங்கள் பரப்பிய சித்திரம், முழு உண்மையன்று. ஆயினும் அடிமைகள் சுமக்கவேயில்லை என்பதும் உண்மையன்று.

‘அரபிகள்’ என்று நூல்கள் குறிப்பிடும் இவர்கள் யார்? ஒரு சிலர் மஸ்கட்டில் பிறந்தவர்கள். மிகப் பலர் கடற்கரையில் தலைமுறைகளாக வாழ்ந்த ஸவாஹிலிகள். நிறத்தாலும் மொழியாலும் ஆப்பிரிக்கர். அவர்களோடு சென்றவர்கள் ‘வாங்வானா’ எனப்பட்டனர். சுதந்திரர், கண்ணியமானவர் என்பது அச்சொல்லின் பொருள். அவர்களுள் கணிசமானோர் அடிமைகளாகப் பிடிபட்டு, இஸ்லாத்தை ஏற்று, விடுதலை பெற்றவர்கள் அல்லது அப்படிப்பட்டவர்களின் பிள்ளைகள். நேற்றைய அடிமை இன்று துப்பாக்கி ஏந்தி மற்றொரு கிராமத்திற்குச் செல்வான். இந்த வரலாற்றின் கசப்பான முடிச்சு இதுவே. ஸன்ஜிபாரின் சுல்தான்கள் இபாழிகள். ஆனால் ஸவாஹிலி மக்கள் நம் காயல்பட்டினத்தாரையும் கீழக்கரையாரையும் போல ஷாஃபிஈ மத்ஹபினர். இன்றும் மனியேமா முஸ்லிம்கள் ஷாஃபிஈகளே.

நியாங்வே 1860-ஆம் ஆண்டளவில் லுவாலபாவின் வலக்கரையில் எழுந்தது. அதற்குத் தெற்கே சில நாள் நடையில் கஸோங்கோ. நதியோரத்தில் நியாங்வேயின் சந்தை கூடும் நாள்களில் சுற்றுப்புறத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வருவார்கள். மீன், பாமாயில், மட்பாண்டம், கோழி, மரவள்ளி எல்லாம் அங்கே கைமாறும். ஒன்றோடொன்று சண்டையிடும் குலத்துப் பெண்கள் கூடச் சந்தையில் அச்சமின்றி நடமாடுவார்கள். சந்தை அனைவருக்கும் அபயம் தரும் இடம் என்பது அந்நாட்டின் எழுதப்படாத சட்டம்.

லிவிங்ஸ்டன் 1871 மார்ச் மாதத்தில் அங்கு வந்து சேர்ந்தார். அவர் கிறிஸ்தவப் பாதிரியார். அடிமை வணிகத்தின் கடும் எதிரி. ஆனால் அந்த நாள்களில் அவரை உயிரோடு வைத்திருந்தவர்கள் அவர் வெறுத்த அந்த வணிகர்களே. 1869-இல் நோயுற்று நடக்க இயலாமல் கிடந்தவரை முஹம்மத் பின் காரிப் என்னும் வணிகர் தூக்கிச் சென்று பணிவிடை செய்தார். லிவிங்ஸ்டன் இந்த நன்றியை மறக்கவுமில்லை. அதற்காகக் கண்டதை மறைக்கவுமில்லை.

அந்த ஆண்டு ஜூலை 15 அன்று, ஹிஜ்ரி 1288-இல், நியாங்வே சந்தையில் அவர் கண்டது இது: துகும்பே என்னும் வணிகரின் ஆட்கள் சிலர் துப்பாக்கியோடு சந்தைக்குள் வந்தார்கள். ஒரு கோழியின் விலையைப் பற்றிய சச்சரவு எழுந்தது. திடீரென்று கூட்டத்தின் நடுவே சுடத் தொடங்கினார்கள். பெண்கள் கூடைகளை எறிந்துவிட்டு ஓடங்களை நோக்கி ஓடினார்கள், அங்கும் சுட்டார்கள். நதியில் குதித்தவர்களை நீரோட்டம் இழுத்துச் சென்றது. இறந்தவர்கள் 300 முதல் 400 வரை இருக்கலாம் என்று வணிகர்களே கணக்குக் கூறினார்கள். பெரும்பாலோர் பெண்கள்.

காகிதம் தீர்ந்துபோன நிலையில், பழைய செய்தித்தாளின் அச்செழுத்துகளுக்குக் குறுக்கே, உள்ளூர்ப் பழச்சாற்றால் செய்த மையில் லிவிங்ஸ்டன் அதை எழுதினார். மை மங்கி எவராலும் படிக்க முடியாமல் போன அந்தத் தாள்களை 2011-இல் ஆய்வாளர்கள் பலவகை ஒளிக்கதிர்களைச் செலுத்திப் படமெடுத்துப் படித்தார்கள். அவர் இறந்த பின் 1874-இல் அச்சேறிய நூலுக்கும் இந்த மூலக் குறிப்பிற்கும் வேறுபாடுகள் இருப்பது அப்போது தெரிந்தது. பிரிட்டிஷ் தூதர் ஸன்ஜிபாரிலிருந்து லிவிங்ஸ்டனுக்கு அனுப்பிவைத்த ஆட்களின் நடத்தையைப் பற்றி மூலத்தில் இருந்த கடுமை அச்சில் மென்மையாக்கப்பட்டிருந்தது. கொலையில் அவர்களுக்கும் பங்கு இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஐயுறுகிறார்கள். அந்த ஆட்கள் இந்திய பனியா வணிகர்களுக்குச் சொந்தமான அடிமைகள். ஆக, அந்தச் சந்தையின் ஓரத்தில் ஓமானியர், ஸவாஹிலி, இந்தியர், ஆங்கிலேயர் எல்லோருடைய நிழலும் விழுந்திருந்தது. ஆனால் சுட்டவர்களுள் துகும்பேயின் ஆட்கள் இருந்தார்கள் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அவர்களுள் பலர் தம்மை முஸ்லிம்கள் என்றே அழைத்துக்கொண்டவர்கள்.

இந்தச் செய்தி லண்டனை எட்டியபோது எழுந்த கொதிப்பு 1873-இல் ஸன்ஜிபாரின் அடிமைச் சந்தை மூடப்படுவதற்கு ஒரு காரணமாயிற்று. கடல்வழி வணிகம் தடைப்பட்டது. ஆனால் உள்நாட்டில் அது பெருகியது. மனியேமாவில் பிடிபட்டவர்களுள் மிகப் பலர் கடற்கரைக்குக் கொண்டு செல்லப்படவேயில்லை; அங்கேயே தோட்டத்திலும் வீட்டிலும் படையிலும் வைத்துக்கொள்ளப்பட்டனர்.

திப்பு திப் என்னும் பெயர் இங்கேதான் வருகிறது. ஹமத் பின் முஹம்மத் அல்முர்ஜபீ என்பது அவருடைய இயற்பெயர். 1837-ஐ ஒட்டி ஸன்ஜிபாரில் பிறந்தவர். தாய் மஸ்கட்டின் உயர்குடிப் பெண். தந்தைவழி மூதாதையருள் ஆப்பிரிக்கப் பெண்ணும் உண்டு. அவருடைய துப்பாக்கிகளின் ஓசையால் அந்தப் பட்டப்பெயர் வந்தது என்பார் சிலர். இடைவிடாமல் கண் சிமிட்டும் வழக்கத்தால் வந்தது என்பார் வேறு சிலர். தரியா தோப்பனின் கடனோடு உள்நாட்டிற்குச் சென்ற அவர் லொமாமி நதிப்பகுதியில் உத்தெத்தேரா என்னும் நாட்டை அடைந்தார். அதன் முதிய தலைவர் கஸோங்கோ ருஷியேயின் சகோதரியர் முன்னொரு காலத்தில் போரில் கவரப்பட்டுக் காணாமற்போயிருந்தனர். அந்தச் சகோதரியரில் ஒருவரின் பேரன் தாமே என்று திப்பு திப் சொன்னார். கிழவர் நம்பினார், நாட்டையும் தந்தங்களையும் அவரிடம் ஒப்படைத்தார். பொய்யை மூலதனமாக்கி நாடு பெற்ற இந்தக் கதையை அவரே தம் நூலில் எந்தக் கூச்சமும் இன்றிக் கூறுகிறார்.

அவருடைய திறமையை மறுப்பதற்கில்லை. 1874-இல் நியாங்வேயில் ஓடம் கிடைக்காமல் தவித்த ஆங்கிலேயர் கேமரனைத் தம் பாளையத்திற்கு அழைத்துச் சென்று வழிகாட்டினார். 1876-இல் ஸ்டான்லியோடு 5,000 டாலர் பேசி, அறுபது நடைகள் உடன்வருவதாக ஒப்பந்தம் செய்தார். காட்டின் இருளும் பெரியம்மையும் பொறுக்காமல் அந்த ஆண்டின் இறுதியில் பிரிந்தார். ஸ்டான்லி மட்டும் நதியோடு சென்று 1877 ஆகஸ்டில் மேற்குக் கடலை அடைந்தார். அந்த ஒரு பயணத்தால் லுவாலபாவும் காங்கோவும் ஒன்றே என்பது உலகிற்குத் தெரிந்தது. பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டிற்கும் தெரிந்தது. திப்பு திப் அன்று பாதி வழியோடு திரும்பாமல் இறுதிவரை சென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சிந்திப்பவர்கள் உண்டு. ஒன்றும் மாறியிருக்காது என்றே தோன்றுகிறது. நதியின் வாயில் ஐரோப்பியக் கப்பல்கள் ஏற்கெனவே நின்றிருந்தன.

1884-85 பெர்லின் மாநாட்டிற்குப் பிறகு ‘காங்கோ சுதந்திர அரசு’ என்ற பெயரில் அந்த மாபெரும் நிலம் லியோபோல்டின் தனிச்சொத்தாயிற்று. அருவிகளின் அடியில் ஸ்டான்லி 1883-இல் நிறுவிய காவல் நிலையமும், அருவிகளைச் சுற்றி வந்து குடியேறிய ஸவாஹிலிகளின் ஊரும் அருகருகே இருந்தன. இன்றைய கிஸங்கானி நகரம் அங்கேதான் உள்ளது. 1886 ஆகஸ்டில் ஓர் அடிமைப் பெண் தன் எஜமானனிடமிருந்து தப்பி அந்த நிலையத்தில் தஞ்சம் புகுந்தாள். அதன் தலைவர் டீன் அவளைத் திருப்பித் தர மறுத்தார். திப்பு திப்பின் மருமகன் ரஷீதின் ஆட்கள் நிலையத்தைத் தாக்கினார்கள். டீனின் ஆட்கள் அதை எரித்துவிட்டு ஓடினார்கள். அந்தப் பெண்ணின் பெயரை எந்த நூலும் எழுதவில்லை.

லியோபோல்டிடம் அப்போது போதிய படை இல்லை. எனவே 1887 பிப்ரவரியில் ஸ்டான்லியின் வழியாக ஒரு விந்தையான உடன்படிக்கை நடந்தது: ஸ்டான்லி அருவி மாவட்டத்தின் ‘வாலி’யாக, மாதம் 30 பவுன் சம்பளத்தில், திப்பு திப் நியமிக்கப்பட்டார். ஐரோப்பாவில் அடிமை ஒழிப்பின் காவலராகப் பேசிய மன்னர், தாம் எவரை ஒழிக்கப்போவதாகச் சொன்னாரோ அவரையே ஆளுநராக்கினார். அடுத்த ஆண்டு கர்தினால் லவிஜெரி ஐரோப்பிய நகரங்களில் அடிமை வணிகத்திற்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கினார். அந்த மேடைகளில் இஸ்லாமும் அடிமை வேட்டையும் ஒரே பொருளின் இரு பெயர்களாகப் பேசப்பட்டன. 1889-90-இல் பிரஸ்ஸல்ஸ் மாநாடு கூடியது; அடிமை வணிகத்தைத் தடுக்க வேண்டுமென்ற காரணத்தால் இறக்குமதி வரி விதிக்கும் உரிமை லியோபோல்டிற்குக் கிடைத்தது. 1891 செப்டம்பரில் தந்தமும் ரப்பரும் அரசின் உடைமை என்று அவர் ஆணையிட்டார். மனியேமா வணிகர்களின் வாழ்வு முழுவதும் அந்தத் தந்தத்தின் மீதே நின்றது. போர் அதற்குப் பிறகு தவிர்க்க முடியாததாயிற்று. திப்பு திப் அதை முன்னரே உணர்ந்தவர் போல 1890-இல் புறப்பட்டு ஸன்ஜிபாருக்குத் திரும்பிவிட்டார். மகன் ஸைஃப் கஸோங்கோவில் எஞ்சினார்.

1892 மே மாதத்தில் ஹொடிஸ்டர் என்னும் பெல்ஜிய தந்த வணிகரும் உடன்சென்றவர்களும் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டின் இறுதியில் தனிஸ் என்னும் படைத்தலைவர் கிழக்கு நோக்கி நகர்ந்தார். இது ஐரோப்பியர் அரபிகளோடு புரிந்த போர் என்று எழுதப்பட்டாலும் இரு பக்கமும் போரிட்டவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்கர். முடிவைத் தீர்மானித்தவர் ஙொங்கோ லுத்தேத்தே. சிறுவயதில் அடிமையாகப் பிடிபட்டு, திப்பு திப்பின் கீழ் வளர்ந்து, தளபதியாகி, பல்லாயிரம் வீரர்களைத் திரட்டிய அவர் பெல்ஜியர் பக்கம் சாய்ந்தார். 1893 மார்ச் 4 அன்று வாகேன்யாக்களின் ஓடங்களில் தனிஸின் படை லுவாலபாவைக் கடந்து நியாங்வேயைக் கைப்பற்றியது. நதியின் திறவுகோல் அந்த மீனவர்களிடம் இருந்தது என்று மேலே கூறினேன். இருபதாண்டுகளாகத் தங்களை அழுத்தியவர்களுக்கு எதிராக அவர்கள் அதைத் திருப்பினார்கள். ஏப்ரல் 22 அன்று கஸோங்கோ வீழ்ந்தது. அக்டோபரில் ஸைஃப் போரில் காயமுற்று இறந்தார். வெற்றி தந்த ஙொங்கோ லுத்தேத்தேயைத் துரோகக் குற்றம் சாட்டி பெல்ஜிய அதிகாரிகள் 1893 செப்டம்பரிலேயே சுட்டுக் கொன்றார்கள். அவருடைய வீரர்கள் அதை மறக்கவில்லை. 1895-இல் லுலுவாபூர்க்கில் வெடித்த கலகத்திற்கு அந்தக் கொலை ஒரு காரணம். ருமலிஸா என்றழைக்கப்பட்ட முஹம்மத் பின் கல்ஃபான் அல்பர்வானீ 1894-இல் தோற்றுக் கிழக்கே தப்பிச் சென்றார். அத்தோடு எல்லாம் முடிந்தது.

பெல்ஜியப் படையில் மருத்துவராகச் சென்ற ஆங்கிலேயர் ஹைண்டு 1897-இல் ‘காங்கோ அரபிகளின் வீழ்ச்சி’ என்னும் நூலை வெளியிட்டார். வெற்றி பெற்ற பக்கத்தின் நூல். ஆயினும் கஸோங்கோவில் நுழைந்தபோது தாம் கண்டதை அவர் மறைக்கவில்லை. ஒரே நெல் வயலின் ஊடாக ஒன்றரை மணி நேரம் சவாரி செய்ததாக எழுதுகிறார். கரும்பு, காப்பி, சோளம், பழத்தோட்டங்கள், வசதியான வீடுகள், வெள்ளி விளக்குத் தண்டுகள் ஆகியவை காட்டின் நடுவே இருந்தன. சுமார் 30,000 பேர் வாழ்ந்ததாக அவர் மதிப்பிட்ட நியாங்வே, சில வாரங்களில் ஒரேயொரு பெரிய வீடும் அதைச் சுற்றிய படைவீரர் குடிசைகளுமாகக் குறுகியது என்றும் அவரே எழுதினார். அந்த எண் மிகையாக இருக்கலாம். அழிவு மிகையன்று.

அந்த வயல்களை உழுதவர்கள் அடிமைகள். நெல்லைக் கொண்டுவந்தவர்கள் ஸவாஹிலிகள் என்று பெருமையோடு எழுதும்போது இதையும் உடன் எழுதியாக வேண்டும்.

இங்கே மார்க்கச் சட்டம் பற்றி ஒரு வினா எழுவது இயல்பு. அடிமையை விடுவிப்பதைக் கடினமான மேட்டுப் பாதையாகத் திருக்குர்ஆனின் அல்பலத் அத்தியாயம் குறிப்பிடுகிறது. ஸகாத்தின் பங்குகளில் ஒன்றை அதற்கென ஒதுக்கியுள்ளது. பல பாவங்களுக்குப் பரிகாரமாக அதனையே விதித்துள்ளது. ஃபிக்ஹு நூல்களின் அடிப்படை விதி, மனிதன் இயல்பில் சுதந்திரன் என்பது. சுதந்திரனை விற்க எவருக்கும் உரிமையில்லை. திம்புக்துவின் அறிஞர் அஹ்மத் பாபா (1556-1627) இவ்வினாவை 1615-இல் ‘மிஃராஜுஸ் ஸுஊத்’ என்னும் சிறு நூலில் விரிவாக ஆராய்ந்தார். சகாராவின் துவாத் பகுதி மக்கள் அவரிடம் கேட்டிருந்தார்கள்: கறுப்பர் நாடுகளிலிருந்து கொண்டுவரப்படும் அடிமைகளை வாங்கலாமா என்று. கறுப்பு நிறம் அடிமைத்தனத்திற்குக் காரணமாகாது என்று அவர் தெளிவாக விடையளித்தார். முஸ்லிம் நாடுகளின் மக்கள் பிடிபட்டால் அந்த அடிமைத்தனம் செல்லாது. தான் அத்தகைய நாட்டினன் என்று ஒருவன் கூறினால், அவன் சொல்லையே ஏற்க வேண்டும் என்றார். அவரும் தம் காலத்தவரே. முறையான போரில் பிடிபட்ட முஸ்லிமல்லாதோரை அடிமையாக்குவதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அவர் வைத்த நிபந்தனைகளில் ஒன்றையேனும், தந்தத்திற்காகக் கிராமத்தைச் சூழ்ந்து சுட்ட மனியேமா வேட்டை நிறைவு செய்யவில்லை. அது போருமன்று; அழைப்பு விடுத்த பின் நடந்ததுமன்று. சந்தையில் கோழி விற்ற பெண் எந்தச் சட்டத்தின்படியும் போர்க்கைதி ஆகமாட்டாள்.

அந்த ஊர்களில் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்தவர்கள் இருந்தார்கள், தொழுகை நடந்தது. ஆனால் வணிகரின் கையைப் பிடித்து நிறுத்தக்கூடிய ஒரு காழியோ முஃப்தியோ அங்கு எழுந்ததாக அந்தக் கால நூல்கள் எதுவும் பேசவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் வணிகனோடு ஆலிமும் சென்றான், வாதிட்டான். லுவாலபாவில் வணிகன் தனியே சென்றான். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு என் கருத்தில் மிகப் பெரியது. நம் சொற்பொழிவாளர்கள் சிலர் இத்தகைய செய்திகளைக் கேட்டவுடன் ‘ஐரோப்பியர் செய்ததை விட இது குறைவு’ என்று விடை கூறிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எண்ணிக்கையில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் வினா எண்ணிக்கையைப் பற்றியதன்று.

அதேபோல், விடுவிக்க வந்ததாகச் சொன்னவர்களின் கணக்கையும் பார்க்க வேண்டும். அரபிகள் அகன்ற பின் காங்கோவில் நிகழ்ந்தது ரப்பர் கொடுமை. ஒவ்வொரு கிராமமும் குறிப்பிட்ட அளவு ரப்பர் பால் கொண்டுவர வேண்டும். தவறினால் பெண்கள் பிணையாகப் பிடிக்கப்பட்டார்கள், ஊர்கள் எரிந்தன, செலவான தோட்டாவிற்குச் சான்றாக வெட்டப்பட்ட கைகள் கொண்டுவரப்பட்டன. பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்டின் அறிக்கை 1904-இல் வெளியாகி இதை உலகறியச் செய்தது. மோரல் என்னும் பத்திரிகையாளர் இயக்கம் நடத்தினார். 1908-இல் அந்த நிலம் லியோபோல்டின் கையிலிருந்து பறிக்கப்பட்டு பெல்ஜிய நாட்டின் காலனியாயிற்று. அடிமை ஒழிப்பின் பெயரால் தொடங்கிய ஆட்சி இருபத்து மூன்றே ஆண்டுகளில் இந்த இடத்திற்கு வந்து சேர்ந்தது.

மனியேமாவில் எஞ்சிய முஸ்லிம்களுக்கு பெல்ஜியர் இட்ட பெயர் ‘அராபிசே’, அதாவது அரபுமயமானோர். அவர்கள் அரபிகளும் அல்லர், பழைய குலத்தினரும் அல்லர் என்று காட்டும் பெயர். 1906-இல் லியோபோல்டின் அரசு வத்திக்கானோடு செய்துகொண்ட உடன்படிக்கை கத்தோலிக்க மிஷன்களுக்கு நிலம் தந்து கல்வியை அவர்களிடம் ஒப்படைத்தது. அதன் விளைவாக முஸ்லிம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தின் வாயிலிலேயே நின்றுபோனார்கள். ஞானஸ்நானம் இன்றிப் படிப்பு அரிது. பல தலைமுறைகளுக்கு அவர்களிடமிருந்து எழுத்தரோ மருத்துவரோ அதிகாரியோ தோன்றவில்லை. குர்ஆன் பள்ளிகள் கண்காணிக்கப்பட்டன. 1920-களில் காதிரிய்யா தரீக்கா கிழக்கிலிருந்து மனியேமாவிற்குள் பரவியபோது அதிகாரிகள் அதை அரசியல் சதியாகவே பார்த்தார்கள். எனினும் திக்ரு மஜ்லிஸ்கள் ஊர் ஊராகப் பரவின. துப்பாக்கியோடு வந்தவர்கள் செய்யாத பணியை, துப்பாக்கி அகன்ற பின் எளிய மக்கள் செய்தார்கள். இன்று மனியேமாவில் காணும் இஸ்லாம் திப்பு திப்பின் காலத்தை விட இந்த இரண்டாவது காலத்தின் பிள்ளை என்றே சொல்ல வேண்டும். காங்கோ நாட்டளவில் முஸ்லிம்கள் சிறுபான்மையினர். ஆனால் கஸோங்கோவும் கிந்துவும் அவர்களின் பழைய நிலைகளாகவே உள்ளன.

நிலைத்துநின்ற மற்றொன்று மொழி. வாங்வானா பேசிய ஸவாஹிலி ‘கிங்வானா’ என்ற பெயரோடு கிழக்குக் காங்கோ முழுவதும் பரவியது. ஸவாஹிலி இன்று அந்நாட்டின் நான்கு தேசிய மொழிகளுள் ஒன்று. அதைப் பேசும் கோடிக்கணக்கானோருள் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். ‘கிதாபு’, ‘வக்தி’, ‘ஹபரி’, ‘ஸாமஹானி’ என அவர்கள் நாள்தோறும் பேசும் சொற்களில் அரபு வேர் இருப்பதை அரபு படித்தவர் உடனே உணர்வார்.

இன்று இந்த வழியில் செல்வது எளிதன்று. அருவிகளைச் சுற்றிக் கிஸங்கானியிலிருந்து உபுந்து வரை 125 கிலோமீட்டர் ரயில்பாதை 1906-இல் திறக்கப்பட்டது. உபுந்துவிலிருந்து கிந்து வரை நதியில் படகு. அதற்கு மேல் மீண்டும் ரயில். காகிதத்தில் அழகான ஏற்பாடு. போர்களும் பராமரிப்பின்மையும் அதைச் சிதைத்துவிட்டன. 2000 ஜூன் மாதத்தில் ருவாண்டா, உகாண்டா ஆகிய இரு அயல்நாட்டுப் படைகள் கிஸங்கானி நகரத்திற்குள்ளேயே ஆறு நாள்கள் மோதிக்கொண்டன. இறந்தவர்கள் அந்த நகரத்து மக்கள். நைபாலின் 1979-ஆம் ஆண்டு நாவலான ‘நதியின் திருப்பத்தில்’ இந்த நகரத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது; அதன் கதைசொல்லி கிழக்குக் கடற்கரையின் இந்திய முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஸலீம். நாவலைப் படித்தவர்களில் அந்தக் குடும்பங்களுக்கும் திப்பு திப்பின் வணிகத்திற்கும் இடையே இருந்த பழைய கணக்கை நினைத்தவர்கள் குறைவு. அருவியின் அடியில் வாகேன்யாக்கள் இப்போதும் பாறைகளில் மரக்கம்பங்களை நட்டு, கூம்பு வடிவக் கூடைகளைக் கட்டி மீன் பிடிக்கிறார்கள்.

திப்பு திப் 1905 ஜூன் மாதத்தில், ஹிஜ்ரி 1323-இல், ஸன்ஜிபாரில் மலேரியாவால் இறந்தார். ஏழு தோட்டங்களும் ஏறத்தாழ 10,000 அடிமைகளும் அவரிடம் இருந்ததாக 1895-ஐ ஒட்டிய கணக்கு ஒன்று கூறுகிறது. ஸன்ஜிபாரில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1897-இல்தான். இறப்பதற்குச் சில ஆண்டுகள் முன், ஜெர்மானியரான ஹைன்ரிஷ் ப்ரோடே கேட்டுக்கொண்டதன் பேரில், தம் வரலாற்றை ஸவாஹிலி மொழியில், அரபெழுத்தில் எழுதினார். ப்ரோடே அதை ரோமன் எழுத்திற்கு மாற்றி, ஜெர்மன் மொழிபெயர்ப்போடு 1902-03-இல் பெர்லினில் வெளியிட்டார். ஸவாஹிலி மொழியில் தன்வரலாறு என்னும் இலக்கிய வகையின் முதல் நூலாக அது கருதப்படுகிறது. நம் அரபுத்தமிழைப் போலவே அரபெழுத்தை உடுத்திய ஓர் உள்ளூர் மொழியில், கப்பலில் வந்தவரின் மொழியிலன்றி வீட்டில் பேசிய மொழியில் அவர் எழுதினார். நடை வணிகரின் நடை. எத்தனை சுமை தந்தம், என்ன விலை, எவரிடம் எவ்வளவு கடன், எந்தத் தலைவரை எந்த மாதத்தில் வென்றார் என்பவை நிறைந்துள்ளன. எவரையும் சாடவில்லை, எதற்கும் வருந்தவுமில்லை. வைட்லியின் ஆங்கில மொழிபெயர்ப்பும், பொன்டிங்கின் விரிவான குறிப்புகளோடு கூடிய 1974-ஆம் ஆண்டுப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் உள்ளன. கிழக்கு ஆப்பிரிக்க வரலாற்றில் ஆர்வமுள்ள நம் கல்லூரி மாணவர்கள் அவற்றை லிவிங்ஸ்டனின் நியாங்வே நாட்குறிப்போடு அருகருகே வைத்துப் படிக்கலாம். ஒரே ஆற்றங்கரையைப் பற்றிய இரண்டு நூல்கள் அவை.